பார்த்துக்கொண்டிருந்தவன்

என் அண்ணன் யெகோர் இக்னாட்டினைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் கண்ணைப் பற்றித்தான் சொல்வார்கள். வளைகுடாவின் நடுவில் படகுக்கு நங்கூரம் போட்டுவிட்டு, சுக்கான் அறையின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தான் என்றால், மலைச்சரிவில் எந்தப் பள்ளத்தில் எந்தக் கரடி படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். பழுப்புப் புல்லுக்கு நடுவே பழுப்புக் கரடி. மற்றவர்களுக்குப் புல் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்தான் அவனுக்குச் சோறு போட்டது. அவனைத் தலைகுனிய வைத்ததும் அதே கண்தான்.

வடக்குக் கடலில் கிடக்கிற கோடியாக் தீவின் தெற்குக் கரையில் இருக்கிறோம் நாங்கள். அப்பா விட்டுப்போன படகு ‘அன்யூஷா’. கோடையில் சால்மன் மீன் வலை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கரடி வேட்டைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவோம். அண்ணன் படகோட்டி. என் கணவர் ஹால்வர் வேட்டை வழிகாட்டி. நான் சமையல். வருகிறவர்கள் படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, காலையில் சிறுபடகில் கரைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள். கூடாரம் அடித்து மழையில் நனைகிற பாடெல்லாம் எங்களிடம் கிடையாது. “கரையில கரடி, தண்ணியில கட்டில். வேற என்ன வேணும்?” என்பார் ஹால்வர். அதைச் சொல்லியே பாதி ஆட்களைப் பிடித்துவிடுவார்.

ஹால்வரும் அண்ணனும் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே இணைபிரியாத கூட்டாளிகள். ஹால்வரின் தாத்தா நார்வேயிலிருந்து மீன் பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதை வைத்து அண்ணன் அவரைக் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. “மாப்ள, உங்க தாத்தா வழி தெரியாமத்தானே இங்க வந்து இறங்கினாரு. அவரு பேரன் நீ வழிகாட்டியா?” என்பான். “வழி தெரியாம வந்ததாலதான மச்சான் உன் தங்கச்சி கிடைச்சா. தெரிஞ்சிருந்தா தப்பிச்சிருப்பேன்” என்பார் அவர். அடுப்புப் பக்கம் நிற்கிற என் கையில் கரண்டி இருப்பது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காலையில் டீ குடிக்கும்போது அண்ணன் தான் பார்த்ததைச் சொல்லலாம். எந்தச் சரிவு, எந்த ஓடை, எல்லாம் சொல்லலாம். ஆனால் வேட்டைக்காரர்கள் கரையில் கால் வைத்த பிறகு அவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கூரைமேல் உட்கார்ந்தால் கரடியும் தெரியும், ஆளும் தெரியும். இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் திரும்பு என்று ரேடியோவில் சொல்லிக் கொடுப்பது சட்டப்படி குற்றம். எங்கள் பெரியவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கரடியைப் பற்றிப் பேசினால் அதற்குக் காது கேட்கும் என்பார்கள். சட்டமும் எங்கள் பெரியவர்களும் ஒத்துப்போகிற விஷயங்கள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

அந்தக் கட்டுப்பாட்டை அண்ணன் ஒரு தடவை மீறினான். மூன்று பருவமாகத் திரும்பத் திரும்ப வந்தும் கரடி கிடைக்காத ஒரு மனிதர். அவருக்கு அது கடைசி நாள். ஹால்வர் அவரைக் கூட்டிக்கொண்டு மேட்டின் தப்பான பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார். கரடி இந்தப் பக்கம் ஓடையில் நின்றது. அண்ணனுக்கு இரண்டும் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. மைக்கை எடுத்து, “மாப்ள, இடது பக்கம் இறங்கு. பாறைக்குப் பின்னால, ஓடைக்கிட்ட” என்றான். அவ்வளவுதான். அடுத்த முனைக்கு அந்தப் பக்கம் வனவிலங்கு அதிகாரியின் படகு நின்றது யாருக்குத் தெரியும்? ரேடியோவில் எல்லாம் கேட்டுவிட்டு, தோலை உரித்து முடிப்பதற்குள் வந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. என் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கேஸ் எழுதினார்.

தோல் போனது, மண்டை ஓடு போனது, அபராதம் கட்டினோம். அதெல்லாம் போகட்டும். ஹால்வரின் வழிகாட்டி லைசென்ஸை ஒரு வருடம் நிறுத்திவிட்டார்கள். சொல்லச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. இவன் சொன்னதற்கு அவருக்குத் தண்டனை. கோர்ட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் பேசினார்.

“மச்சான், இனிமே நான் கரையில இருக்கும்போது அந்த ரேடியோவத் தொடாத.”

“தொட மாட்டேன் மாப்ள.”

“நான் செத்தாலும் தொடாத.”

கோபத்தில் சொன்ன பேச்சு. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, “சரி” என்றான். நான் அடுப்புப் பக்கம் நின்று, வேணும் இவனுக்கு என்றுதான் நினைத்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் ஆண்கள் எல்லோரும் பான்யாவில்தான் இருப்பார்கள். கல்லைச் சுடவைத்துத் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வெந்துகொண்டே ஊர்வம்பு பேசுகிற இடம். அண்ணன் கதவைத் திறந்ததும் ஒருவன், “வாங்க, நியூஸ் வாசிக்கிறவரு வந்துட்டாரு. இன்னைக்குக் கரடிங்களுக்கு என்ன சேதி?” என்பான். இன்னொருவன், “சத்தமா வாசிப்பா, முனைக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு கேட்டுட்டு இருக்காரு” என்பான். அவனுக்கு ‘நியூஸ்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கடையில் அவன் பின்னால் நிற்கிறவர்கள்கூட, “நியூஸ், கொஞ்சம் தள்ளு” என்றார்கள். சிரித்துச் சமாளிப்பான். காது மட்டும் சிவந்துவிடும். பனிக்காலம் முடிவதற்குள் சனிக்கிழமை போவதையே நிறுத்திவிட்டு, வேறு நாளில், யாரும் இல்லாதபோது தனியாகப் போய்க் குளித்துவிட்டு வந்தான்.

வாயைத் திறந்ததற்காக மானம் போனவன் அவன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் திரும்ப வந்தது. மறுபடி தொழில் நடந்தது. சில பருவங்கள் நன்றாகவே போயின. அண்ணன் கூரைமேல் உட்கார்ந்து பார்ப்பான். காலையில் சொல்வதோடு சரி. மைக் கொக்கியில் தொங்கும். ஹால்வரின் கையடக்க ரேடியோ அவர் சட்டைப்பையில் இருக்கும். அது ஓடுகிறதா, அணைந்து கிடக்கிறதா என்று நாங்கள் கேட்டதில்லை. சாயங்காலம் சிறுபடகு வேண்டும் என்றால்கூட ஹால்வர் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார்.

அந்த மே மாதம் வந்தவர் பெக்கர். நெப்ராஸ்காவில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். ஆள் ஆஜானுபாகு, பேச்சோ பஞ்சு. எண்ணெயில் பொரித்த என் ரொட்டியைத் தின்றுவிட்டு, “அம்மா, கரடி கிடைக்கலேன்னாலும் இந்த ரொட்டிக்காகத் திரும்ப வருவேன்” என்பார். இந்த மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்கும். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் சுடுகிற நேரத்தில் கரடி ஒரு எட்டு எடுத்து வைத்தது. யாருக்கும் நடப்பதுதான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. சாயங்காலத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் ஹால்வரையும் பெக்கரையும் கரையில் இறக்கிவிட்டு, சிறுபடகோடு திரும்பி வந்து கூரைமேல் ஏறியிருந்தான். இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. சமையலறைக் கதவிலிருந்து எட்டிப்பார்த்து, “என்ன ஆச்சுண்ணே?” என்றேன்.

“அடிபட்டிருக்கு. ஆல்டர் புதருக்குள்ள போயிடுச்சு.”

“ஐயோ.”

“அவன் பாத்துக்குவான். நீ உள்ள போ.”

அடிபட்ட கரடியை விட்டுவிட்டு வர முடியாது. விட்டு வந்த வழிகாட்டி அப்புறம் ஊரில் தலைகாட்டவும் முடியாது. ஒரு டீ குடிக்கிற நேரம் பொறுத்திருந்து, பிறகு ரத்தத் தடம் பார்த்து உள்ளே போக வேண்டும். வழிகாட்டிதான் முன்னால் போக வேண்டும். வந்த விருந்தாளியை முன்னால் அனுப்பக் கூடாது. நான் உள்ளே போய் மாவைப் பிசைந்தேன். அதற்குப் பிறகு கூரைமேல் நடந்ததை அண்ணன் வாயால் சொல்ல வருடங்கள் ஆயின. ஆனால் நடந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் என்பதால் ஆல்டரில் இலை விடவில்லை. தரையில் நிற்கிறவனுக்கு அது குச்சிச் சுவர். எதிரில் எதுவும் தெரியாது. கூரைமேல் இருந்தவனுக்கு மேலிருந்து பார்த்ததால் உள்ளே எல்லாமே தெரிந்தது. கரடி சரிவில் கொஞ்சம் ஏறியது. நின்றது. வளைந்து திரும்பி இறங்கி வந்தது. தான் போன தடத்துக்குப் பக்கத்திலேயே, தடத்தைப் பார்த்தபடி, முன்னங்காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. ஹால்வர் தடத்தோடு போனால் அதன் வாய்க்கு நேராகத்தான் போவார்.

ஹால்வர் பெக்கரை ஒரு பாறைமேல் நிறுத்திவிட்டுப் புதர் ஓரத்துக்கு வந்தார். உள்ளே நுழையவில்லை. படகுப் பக்கம் திரும்பி நின்றார். ரொம்ப நேரமாகவே நின்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார் என்று அண்ணன் நினைத்தான்.

அண்ணன் கூரையிலிருந்து இறங்கி மைக்கை எடுத்தான். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அடுத்த குடாவில் இன்னொரு வேட்டைப் படகு நின்றது. பேசினால் அவர்களுக்கும் கேட்கும். ‘நியூஸ் மறுபடியும் வாசிச்சுட்டான்’ என்பார்கள். மாப்பிள்ளையின் லைசென்ஸ் இந்தத் தடவை அடியோடு போய்விடும். செத்தாலும் தொடாதே என்று சொன்னவர் அவர். அவருக்குத் தெரியாத கரடியா? கொஞ்சம் பொறுப்போம். இப்படியெல்லாம் நினைத்திருக்கிறான். நினைத்துவிட்டு மைக்கைக் கொக்கியில் மாட்டினான். மறுபடி கூரைமேல் ஏறினான். பைனாகுலரைக் கண்ணில் வைத்தான்.

உயிர் போகிற நேரத்தில் கூப்பிட்டால் எந்தச் சட்டமும் குற்றம் என்று சொல்லாது. அது அவனுக்கும் தெரியும். ரேடியோதான் வேண்டாம் என்றால் படகில் ஹாரன் இருந்தது. அதை ஒரு தடவை அழுத்தியிருக்கலாம். என்னைக் கூப்பிட்டிருந்தால் பாத்திரத்தைத் தட்டியிருப்பேன். தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். எனக்கா கத்தத் தெரியாது? இதெல்லாம் அவனுக்கு அப்புறம் தோன்றியது. அப்போது அவன் பயந்தது கரடிக்கு அல்ல, பான்யாவின் கேலிக்கு. இதுவும் அவன் சொன்னதுதான். நான் இட்டுக்கட்டவில்லை.

ஹால்வர் உள்ளே போனார்.

எனக்குக் கேட்டது பெக்கரின் துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான். ஒன்றன்பின் ஒன்றாக. அந்த மனிதர் பாறையிலிருந்து இறங்கி, புதருக்குள் ஓடி, கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று கரடியைச் சுட்டு என் புருஷன்மேலிருந்து விழவைத்தார். அதற்குள் அண்ணன் சிறுபடகில் குதித்துவிட்டான். மேஜை விரிப்பை உருவிக்கொண்டு மாவுக் கையோடு நானும் குதித்தேன். கரை தட்டுவதற்கு முன்பே தண்ணீரில் இறங்கி ஓடினான். குச்சிகளை முறித்துக்கொண்டு உள்ளே போய், ஹால்வரை முதுகில் சுமந்து கொண்டுவந்தான். நான் மேஜை விரிப்பை வைத்து அழுத்திப் பிடித்தேன். எங்கே அழுத்துவது என்று தெரியாத அளவுக்கு ரத்தம்.

படகுக்கு வந்ததும் அண்ணன் அதே மைக்கை எடுத்துக் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டான். இடம், ஆள், காயம், காற்று எல்லாம் சொன்னான். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது.

ஹால்வர் பிழைத்தார். வலது கை முழங்கைக்குக் கீழே போனது. ஒரு காது போனது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆங்கரேஜ் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மவ்ரா, நான் கீழ எஞ்சின் ரூம்ல இருந்தேன். உங்கிட்டப் பேசிட்டு நேரா கீழ போயிட்டேன். பம்ப் அடைச்சுக்கிச்சு” என்றான்.

நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது அவன் நெஞ்சு. என் காதில் விழுந்தது பம்ப் மட்டும்தான். “நீ இல்லேன்னா அவரு செத்திருப்பாருண்ணே” என்று சொல்லி அவன் தோளில் சாய்ந்து அழுதேன். அவன் உடம்பு மரக்கட்டையாக விறைத்துப் போயிருந்தது.

அப்புறம்தான் அவன் நரகம் ஆரம்பித்தது. ஊர் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கரடி கிடந்த புதருக்குள் வெறுங்கையோடு புகுந்து மாப்பிள்ளையைச் சுமந்து வந்தவன் என்று. ‘நியூஸ்’ என்ற பெயர் ஒரே நாளில் மறைந்துவிட்டது. கோயிலில் பாதிரியார் அவனை முன்னால் நிறுத்த, ஊரே பல்லாண்டு பாடியது. அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். அடக்கம் என்று நினைத்தோம். பான்யாவில் சூடு அதிகமான மேல்பலகையை அவனுக்கென்று விட்டுவைத்தார்கள். அவன் போகவில்லை. கடைக்கார ஃபியோடோசியா, “ஹால்வர் கொடுத்து வச்சவன்பா. உன்ன மாதிரி மச்சான் யாருக்குக் கிடைப்பான்?” என்று சொல்லி டீத்தூள் பொட்டலத்தை இனாமாகக் கையில் திணித்தாள். அதை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். உண்மையாகவே தப்புச் செய்தவனுக்கு ஊர் கொடுத்த தண்டனை அதுதான். கிண்டலாவது பொறுத்துக்கொள்ளலாம். பாராட்டு அவனைக் கூனிக்குறுக வைத்தது.

வேட்டைக்கு ஆள் ஏற்றுவதை விட்டுவிட்டான். வேறு வழிகாட்டிகள் கூப்பிட்டும் போகவில்லை. கோடையில் மீன் மட்டும். படகுக் கூரையில் ஏறவே மாட்டான். பைனாகுலரை எங்கே போட்டான் என்று தெரியவில்லை. கேட்டால், “கண்ணு முன்ன மாதிரி இல்ல” என்பான்.

மற்ற நேரமெல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான். விறகு வெட்டுவான். மீன் கொண்டுவருவான், புகை போடுவான், கூரை ஒழுகினால் நான் சொல்வதற்கு முன்பே ஏணியில் நிற்பான். வீட்டுக்குள் மட்டும் வர மாட்டான். வந்தாலும் உட்கார மாட்டான். ஹால்வர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் டீ குடித்துக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாடை சரியாகப் பொருந்தாததால் பேச்சு கொஞ்சம் குழறும். கிண்டல் மட்டும் போகவில்லை.

“மச்சான், நீ வெட்டின விறகுக்கு இந்த வீடு இன்னும் மூணு தலைமுறைக்கு எரியும். நான் கட்டிக்கிட்டது உன் தங்கச்சியவா, உன்னையா?”

முன்பெல்லாம் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். இப்போது கோடரியை ஓங்குவான். அவ்வளவுதான்.

பெக்கர் தன் வீட்டு ஹாலில் அந்தக் கரடியைப் பாடம் பண்ணி நிற்கவைத்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்தும் போட்டோவும் அனுப்புவார். நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார். ஹால்வர் அதை அலமாரியில் சாய்த்து வைப்பார், நான் குப்புறக் கவிழ்ப்பேன். ஒரு தடவை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தான். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அதையும் நம்பினேன். என்னை என்னவென்று சொல்ல?

எங்கள் கோயிலில் நாற்பது நாள் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பு ஞாயிறு. சாயங்காலப் பூசை முடிந்ததும் வரிசை கட்டுவோம். ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் முன்னால் நின்று, குனிந்து, “என்னை மன்னிச்சிடு” என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர், “கடவுள் மன்னிப்பார்” என்பார். பிறகு அவர் குனிந்து கேட்பார், இவர் சொல்வார். வேலிச் சண்டைக்காரர்கள், வலையை வெட்டியவன், வெட்டப்பட்டவன் என்று எல்லோரும் அந்த வரிசையில் நின்றாக வேண்டும். யாரையும் தாண்டிப் போக முடியாது. அதுதான் அதில் இருக்கிற கஷ்டம். அந்த மே மாதத்துக்குப் பிறகு அண்ணன் ஒரு வருடம்கூட அந்த ஞாயிற்றுக்கு வரவில்லை. ஒரு வருடம் வயிற்று வலி, ஒரு வருடம் டவுனில் வேலை, ஒரு வருடம் படகில் ஓட்டை. நோன்பு பிறந்த மறுநாள் காலையில் கோடரியோடு வந்து நிற்பான்.

போன வருடம் எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். பூட்ஸோடு படுக்கையில் கிடந்தான்.

“என்ன, இந்த வருஷம் எங்க வலி?”

“போ மவ்ரா.”

“ஊர்ல யாரு மேல அப்படி ஒரு கோபம் உனக்கு? வருஷத்துக்கு ஒரு நாள் குனிஞ்சா முதுகு முறிஞ்சிடுமா?”

“எனக்கு யாரு மேலயும் கோபம் இல்ல.”

“அப்ப வா. அவரு கேட்டுட்டே இருக்காரு. இந்த வருஷமாவது மச்சான் வருவானான்னு.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். “கேட்டானா?”

“வருஷா வருஷம் கேக்கறாரு. நான்தான் உன் வயித்து வலிக்குச் சாட்சி சொல்லிட்டு இருக்கேன். எழுந்திரு, முகத்தக் கழுவு.”

கோயிலுக்குள் நுழைந்ததும் ஊர் திரும்பிப் பார்த்தது. ஃபியோடோசியா புன்னகை செய்தாள். பூசை முடிந்து வரிசை நகர்ந்தது. பாதிரியார் முன், கிழவர்கள் முன், ஃபியோடோசியா முன் எல்லாம் குனிந்து முணுமுணுத்து நகர்ந்தான். அடுத்து ஹால்வர். ஹால்வரை அடுத்து நான்.

அண்ணன் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றுபோனது. யாரோ, “நகருப்பா, கால் வலிக்குது” என்றார்கள். அப்போதுதான் அவன் வாய் திறந்தது.

“மாப்ள, நான் எஞ்சின் ரூம்ல இல்ல. மேலதான் இருந்தேன். அது திரும்பி வந்து படுத்ததப் பாத்தேன். மைக்க எடுத்தேன். வச்சுட்டேன்.”

இத்தனை வருடம் இவனுக்கா ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், இவன் தோளிலா சாய்ந்து அழுதேன் என்று எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

ஹால்வர் மெல்லச் சொன்னார். “தெரியும் மச்சான்.”

அண்ணன் நிமிர்ந்தான்.

“அன்னைக்கு வெயில். உள்ள போறதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்தேன். கூரைமேல உன் பைனாகுலர் கண்ணாடி பளிச்சுன்னு அடிச்சுது. நீ பாத்துட்டு இருக்கன்னு தெரிஞ்சுது.” இடது கையால் தாடையைத் தடவிவிட்டுத் தொடர்ந்தார். “தொடாதன்னு நான்தான் சொன்னேன். ஆனா என் ரேடியோவ ஒரு நாளும் நான் அணைச்சதில்ல. அன்னைக்கும் பையில ஓடிட்டுத்தான் இருந்துது. நின்னு கேட்டேன். சத்தம் இல்ல. மச்சான் பாக்கறான், பேசலன்னா தடத்துக்குப் பக்கத்துல ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். அப்புறம்தான் போனேன்.”

அண்ணன் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. தன் தப்பின் முழு அளவு அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. எச்சரிக்காமல் விட்டேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தான். அவன் பேசாமல் இருந்ததையே நம்பித்தான் அவர் உள்ளே போயிருக்கிறார்.

“கடவுள் மன்னிப்பார்” என்றார் ஹால்வர். பிறகு, முறைப்படி, அவர் குனிந்தார். வலது சட்டைக்கை தொங்கியது. “நீயும் என்னை மன்னிச்சிடு மச்சான். எல்லாம் தெரிஞ்சும் நீ விறகு வெட்டறத ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னா நீ நிறுத்தியிருப்ப. சொல்லல. நீயா வந்து சொல்லணும்னு நெனச்சேன். நல்லா இருந்துது மச்சான், நீ வெட்டறதப் பாக்க. அதுக்கு மன்னிச்சிடு.”

இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருந்தவர். என்னிடம்கூட மூச்சு விடவில்லை. அவர் குனிந்தபடியே காத்திருந்தார். அண்ணன் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. பேசுடா பாவி, இப்பவாவது பேசு என்று என் மனசுக்குள் கத்தினேன். ஊரே காத்திருந்தது.

“கடவுள் மன்னிப்பார்” என்றான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்து என் முன்னால் வந்து குனிந்தான். ஊரில் என்னைவிட வாயாடி கிடையாது. எனக்கு வார்த்தை வரவில்லை. கோபம் ஒரு பக்கம், அவன் பிடரியில் நரைத்த முடி ஒரு பக்கம். கடவுள் மன்னிப்பார், அது அவர் பாடு. நான் என்ன செய்வது? கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்: “நாளைக்கு விறகு வெட்ட வராத. சும்மா வா.”

மறுநாள் வந்தான். கோடரி இல்லை, மீன் இல்லை, ஏணியும் இல்லை. வாசலில் நின்றான். “உள்ள வா மச்சான், குளிரு அடிக்குது” என்றார் ஹால்வர். நோன்பு நாள், ரொட்டியும் டீயும்தான் வைத்தேன். மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தான். வெறுங்கையோடு வந்தவனுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஜைமேல் வைத்தான். எதிரில் ஹால்வரின் ஒற்றைக் கை ரொட்டியை அழுத்திப் பிடித்துப் பிய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் தன் இரண்டு கைகளையும் எடுத்து மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டான்.

“ஒளிக்காத” என்றார் ஹால்வர். “இந்த ரொட்டியப் பிச்சுக் குடு.”